மைக் யார் கையில்? – பகுதி சபைகள் பற்றிச் சில குறிப்புகள்

இந்தக் குறிப்பை ஒரு வருடமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். ஆரம்பம் ஒரு சின்ன விஷயம்தான்.

திருவான்மியூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கொட்டிவாக்கம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் அவரும் தலையைச் சொறிவார். ஆனால் 2011 அக்டோபர் வரை அந்த எல்லைக்கு ஒரு கனமான பொருள் இருந்தது. இந்தப் பக்கம் மாநகராட்சி. அந்தப் பக்கம் கிராம ஊராட்சி. அந்தப் பக்கத்து வாக்காளர், வருடத்தில் குறைந்தது நான்கு நாள், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, கிராம சபையில் எழுந்து நின்று "வரவு செலவைப் படிங்க" என்று கேட்கலாம். இந்தப் பக்கத்து வாக்காளருக்கு அப்படி ஒரு இடமே கிடையாது. பி.இ. படித்து, அடையாறில் வீடு வாங்கி, ஒழுங்காகச் சொத்து வரி கட்டும் என்னைப் போன்றவனுக்கு உள்ளாட்சியில் இருந்த ஒரே உரிமை ஐந்து வருடத்துக்கு ஒரு ஓட்டு. அதுவும் தேர்தல் நடந்தால்.

பிறகு 2011-ல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம ஊராட்சி என 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் எல்லாம் "சென்னை" ஆனதில் மனை விலை ஏறியது. கிராம சபை போனது. அதற்காக யாரும் மெழுகுவத்தி ஏற்றியதாக ஞாபகம் இல்லை.

ஏன் இந்த வித்தியாசம் என்று தேடப் போனால் அரசியல் சாசனத்தில் போய் முடிகிறது. 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் இரண்டு திருத்தங்களை ஒன்றாக நிறைவேற்றியது. 73 ஊராட்சிகளுக்கு, 74 நகரங்களுக்கு. முதலாவதில் 243ஏ பிரிவு கிராம சபையைப் பெயர் சொல்லியே நிறுவுகிறது. வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும் அதன் உறுப்பினர். யாரும் உங்களை நியமிக்க வேண்டாம், ஓட்டுரிமை இருந்தால் போதும். இரண்டாவதில் இதற்கு இணையான ஒன்று இல்லவே இல்லை. 243எஸ் என்று ஒரு பிரிவு உண்டு. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் "வார்டு குழுக்கள்" அமைக்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் குழு "ஒன்றோ அதற்கு மேற்பட்ட வார்டுகளோ" கொண்டதாக இருக்கலாம் என்று ஒரு வாசகம். எங்கள் தொழிலில் ஸ்பெசிஃபிகேஷனை இப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று எந்த ஜூனியர் டெவலப்பரைக் கேட்டாலும் சொல்வான். குறைந்த வேலை எதுவோ அதுதான் நடக்கும். சென்னையில் மண்டலக் குழுக்களே வார்டு குழுக்கள் ஆகிவிட்டன. இன்று 200 வார்டுக்கு 15 மண்டலம். சராசரியாக ஒரு மண்டலத்தில் 13 வார்டு, நாலு லட்சத்துக்கு மேல் ஜனம். குழுவில் இருப்பது கவுன்சிலர்கள் மட்டும். நீங்களும் நானும் கதவுக்கு வெளியே.

ஊரில் படிக்காதவர்களுக்குச் சபை வேண்டும், நகரத்தில் இருப்பவர்களுக்கு எதற்கு, அவர்கள்தான் பேப்பருக்குக் கடிதம் எழுதுவார்களே என்று நினைத்தார்களோ என்னவோ.

கவுன்சில் கூட்டத்துக்கே போய்ப் பேச முடியுமா? ரிப்பன் கட்டடத்தில் மன்றம் கூடும்போது பார்வையாளராக உட்காரலாம். வாயைத் திறக்கக் கூடாது. இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை, வாரிசாக வந்தது. இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கூட்டங்களுக்குள் பொதுமக்களையும் பத்திரிகையாளர்களையும் விட்டே ஆக வேண்டும் என்று 1960-ல் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் அப்போது புதுமுக எம்.பி.யாக இருந்த மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் உரையே அதைப் பற்றித்தான். அந்தச் சட்டம் கொடுத்ததும் உள்ளே போகும் உரிமையைத்தான், பேசும் உரிமையை இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம் (1953) பின்னாளில் ஒரு படி மேலே போனது. உள்ளாட்சி மன்றத்தின் வழக்கமான ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும். பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். சான் ஹோசேயில் வேலை பார்க்கும் என் நண்பன் பக்கத்து மரத்துக்காக ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வந்து, ஏதோ தேர்தலில் நின்றவன் மாதிரி ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தான்.

நம்மிடம் அதற்குப் பதில் இருப்பது மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மாநகராட்சிக்கு 1913 என்ற எண். (ரிப்பன் கட்டடம் திறந்த வருடமும் 1913. தற்செயலோ என்னவோ, எண் மனதில் நிற்கிறது.) அப்புறம் செயலி. குறை சொல்லவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் 1913 வேலை செய்கிறது. ஆனால் அது ஒரு டிக்கெட் சிஸ்டம். டிக்கெட் ஒன்று போடுவீர்கள், ஒருநாள் "குறை நிவர்த்தி செய்யப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வரும். அதே தெருவில் இன்னும் நாற்பது பேர் அதே டிக்கெட்டைப் போட்டிருப்பது உங்களுக்குத் தெரியாது. "விளக்கு ஏன் மாசாமாசம் போகுது, யாருக்கு காண்ட்ராக்ட்?" என்ற கேள்வியை எந்த டிக்கெட்டிலும் போட முடியாது. மனு உங்களையும் அதிகாரியையும் மட்டும் சந்திக்க வைக்கிறது. சபையில் பேசினால் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார், "அட, எங்க தெருவுலயும் அதான்" என்கிறார். அங்கேதான் குறை அரசியலாக மாறுகிறது. அதனால்தான் மேலே இருப்பவர்களுக்கு மனு பிடிக்கிறது என்பது என் சந்தேகம்.

சரி, பகுதி சபைக்கு வருவோம். ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் 2005 டிசம்பரில் வந்தபோது, மத்திய அரசின் பணம் வேண்டுமானால் மாநிலங்கள் மக்கள் பங்கேற்புச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கூடவே ஒரு மாதிரி மசோதாவும் கொடுத்தார்கள். வாக்குச்சாவடி அளவிலான மக்களைச் சேர்த்து ஒரு பகுதி சபை, அதற்கு மேல் வார்டு குழு, அதற்கு மேல் மன்றம். தமிழ்நாடு 2010-ல் சட்டத்தைத் திருத்தியது. விதிகள் வந்தது 2022 ஜூனில். நடுவில் 12 வருடம். சட்டம் இருந்தது, விதி இல்லை, அதனால் சபையும் இல்லை. இதைக் கேட்டுக்கேட்டு உயிரோடு வைத்திருந்தவை அறப்போர் இயக்கம், தன்னாட்சி, வாய்ஸ் ஆஃப் பீப்பிள் போன்ற அமைப்புகள்தான், மறக்கக் கூடாது.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாள். பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வரே உட்கார்ந்தார். டிவியில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைக்கவில்லை.

பிறகு விதிகளைப் படித்தேன். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சியில் ஒரு வார்டுக்கு 10 பகுதி. சென்னைக்கு 200 வார்டு, அப்படியென்றால் 2,000 பகுதி சபைகள். 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய எல்லைக்குள் 66 லட்சத்துக்கு மேல் மக்கள். வகுத்தால் ஒரு வார்டுக்கு 33,000 பேர், ஒரு பகுதிக்கு 3,300 பேர். 3,300 என்பது ஒரு நடுத்தரக் கிராம ஊராட்சி. கச்சிதமான அளவுதான். மயிலாப்பூரின் நாலு மாட வீதியும் சுற்றியுள்ள சந்துகளும் ஒரு சபையாக உட்கார முடிகிற அளவு.

இடறுவது பிரதிநிதி விஷயத்தில். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அந்தப் பத்துப் பேரும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது? பகுதி மக்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மன்றம் நியமிக்கிறது. மன்றம் என்றால் நடைமுறையில் யார் பெயர் கொடுப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. கவுன்சிலரைக் கேள்வி கேட்பதற்கான குழுவுக்குக் கவுன்சிலரே ஆள் எடுக்கிற ஏற்பாடு. கோடு எழுதியவனே டெஸ்ட்டும் எழுதினால் எல்லா டெஸ்ட்டும் பாஸ்தான்.

இது தேவையில்லாத குறை என்பவர்கள் தி.நகர் போய்ப் பார்க்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கான 2014 மத்தியச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களை வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஹேர்கிளிப் விற்பவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் தேர்தல் உரிமையை, அதே தெருவின் குடியிருப்பவருக்குப் பகுதி சபை கொடுக்கவில்லை.

பாண்டி பஜார் என்றதும் இன்னொன்று. அந்தச் சாலையின் பெயர் தியாகராயர் சாலை. பிட்டி தியாகராயர் இதே மாநகராட்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர். அவர் பெயரிலுள்ள சாலையை நடைபாதை வளாகமாக மாற்றி 2019 நவம்பரில் திறந்தபோது சென்னையில் மன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த மன்றம் 2022 மார்ச்சில். நடைபாதை எனக்குப் பிடிக்கும், குடும்பத்தோடு போய் நடந்திருக்கிறேன். ஆனால் அதை அங்கே போடலாமா, எப்படிப் போடலாம் என்று மன்றத்தில் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலத்தில் அது வந்தது. 2021 நவம்பரில் தி.நகர் தண்ணீரில் நின்றபோதும் அதே கதை. இதற்கு முன்னும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. மஸ்டர் ரோல் ஊழலை வைத்து 1973-ல் கலைக்கப்பட்ட மன்றம் 1996-ல்தான் திரும்ப வந்தது. இரண்டையும் கூட்டினால் 28 வருடத்துக்கு மேல். 1688-ல் தொடங்கிய நாட்டின் பழைய மாநகராட்சி என்று பெருமையாகச் சொல்கிறோம். அதன் கடைசி ஐம்பது வருடத்தில் பாதிக்கு மேல் தேர்ந்தெடுத்த ஆள் யாரும் இல்லை.

இனி நான் பார்த்த கூட்டம். ஊர்ப் பெயர் சொல்லப் போவதில்லை. என் அத்தை இருக்கும் ஒரு நகரம், சென்னை இல்லை. அவருக்கு முட்டிவலி, துணைக்குப் போனேன். எனக்கு அங்கே ஓட்டில்லாததால் பின்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்தேன். பத்தரை மணிக்குக் கூட்டம், காலை எட்டு மணிக்கு வாட்ஸப்பில் தகவல். பள்ளிக்கூட வராண்டாவில் ஐம்பது நாற்காலி, முப்பது பேர். முதல் இருபது நிமிடம் பொன்னாடை. அடுத்து ஒருவர் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார்.

எந்த உள்ளாட்சி மேடையானாலும் உத்திரமேரூர் வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலம், 919-ம் 921-ம், குடவோலை, வாரியங்கள். எல்லாம் சரி. அது பிராமணர் சபை, கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் இருந்தால்தான் ஓலையில் பெயர் வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது என்ற வரியையும் மேடையில் இருப்பவர்கள் சௌகரியமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய, திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. சபையில் எதைச் சொன்னாலும் "கூடாது, கூடாது" என்று முட்டுக்கட்டை போடுபவருக்கு 5 காசு அபராதம். எங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் இந்த விதி இருந்தால் லிஃப்ட் மாற்றும் காசு தேறிவிடும்.

திரும்ப அந்தக் கூட்டத்துக்கு. பேச நேரம் வந்தபோது முதலில் எழுந்தவர்கள் யாரென்று குறித்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, நலச்சங்கச் செயலாளர், இன்னொரு ஓய்வுபெற்றவர். மூன்று பேரும் ஆண்கள், சொந்த வீட்டுக்காரர்கள். பார்க் நடைபாதை, தெருநாய், பார்க்கிங். நாலாவதாக ஒரு பூக்கார அம்மா. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருப்பவர். பொதுக் கழிப்பறைக்குக் கதவு இல்லை, பெண்பிள்ளைகள் பொழுது விடிவதற்குள் போய்வர வேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தார். மைக் வைத்திருந்தவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "மனுவா எழுதிக் குடுத்துருங்கம்மா, பார்த்துக்கலாம்" என்றார்.

"எழுதிக் குடுக்குறதுன்னா நான் ஏன்யா இங்க வந்து நிக்கப் போறேன்?"

சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மைக் வேறு பக்கம் போனது.

பிறகு அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ் கேட்டேன். "போட்டோ எல்லாம் குரூப்ல போட்டிருக்கோமே சார்" என்றார்கள். விடாமல் ஆர்.டி.ஐ. போட்டேன். வந்தது கையெழுத்துப் பட்டியலும் ஒரு பக்கக் குறிப்பும். குறிப்பின் சாரம், பொதுமக்களின் குறைகள் கேட்டறியப்பட்டன. கழிப்பறை இல்லை, கதவு இல்லை, பூக்கார அம்மா இல்லை.

எனக்கு இதுதான் மையமான குறை. பிரதிநிதி நியமனத்தைவிடவும். சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக்கேட்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி ஆயிரம் புகார் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் 2006 அறிவிக்கை, சொல்லப்பட்ட கருத்துகளை எழுதி, கூட்டத்தின் முடிவில் உள்ளூர் மொழியில் சபைக்கே வாசித்துக் காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும் என்கிறது. வீடியோவும் எடுக்க வேண்டும். பிறகு நீதிமன்றம் போகிறவர்களுக்கு அந்தக் காகிதம்தான் ஆயுதம். ஒரு பகுதி சபை கூட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடம் இதைச் செய்ய என்ன செலவாகும்?

யார் பேசுகிறார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐன்ஸ்டீன், கிளிக், பாமர் என்ற மூவர் மாசசூசெட்ஸ் ஊர்களின் திட்டக் கூட்டங்களை ஆராய்ந்தார்கள். அங்கே எழுந்து பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், சொந்த வீட்டுக்காரர்கள், நெடுநாள் வசிப்பவர்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். புது வீடுகள் கட்டுவதைப் பெரும்பாலும் எதிர்த்தார்கள். என் நோட்டில் எழுதிய முதல் மூன்று பேரை நினைத்துக்கொண்டேன், இன்னும் இருபது வருடத்தில் நாலாவது நான்தான். ஆக, பேசும் உரிமை மட்டும் கொடுத்தால் சங்கச் செயலாளர்களுக்கு இன்னொரு மேடை கிடைக்கும், அவ்வளவுதான், என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அந்த மூவரும் அந்த ஆய்வை எப்படிச் செய்தார்கள்? பேசியவர் பெயர், முகவரி, சொன்னது, எல்லாம் மினிட்ஸில் இருந்தது. இங்கே பூக்கார அம்மாவைப் புறக்கணித்தார்கள் என்று நிரூபிக்கக்கூட என் நோட்டைத் தவிர ஆதாரம் இல்லை.

தீர்மானத்துக்குப் பலம் உண்டா என்று கேட்பார்கள். கிராம சபைக்கே அது நிச்சயமில்லை. ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-ல், உச்ச நீதிமன்றம் சொன்னதால், 12 கிராம சபைகளைக் கேட்டார்கள். 12-ம் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் பின்னால் இருந்தது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022 ஆகஸ்ட் 15 தொடங்கித் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது, திட்டம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஏகனாபுரம் என்ன நினைக்கிறது என்று நமக்குத் தெரியும். தேதி போட்டுத் தெரியும். அந்த விமான நிலையம் யாருக்காகவோ, அந்தச் சென்னைக்காரர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? எந்தச் சபையின் எந்தத் தாளிலும் இல்லை.

நடைமுறைக்கு ஒன்று. உங்கள் பகுதி எது, பிரதிநிதி யார் என்று முதலில் வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டத்துக்குப் போனால் பேசுவதற்கு முன்பே, "போன கூட்டத்தோட மினிட்ஸ வாசிங்க" என்று சொல்லுங்கள். இரண்டு பேராவது சேர்ந்து சொல்லுங்கள், தனியாகச் சொன்னால் உங்களிடமும் மனுதான் கேட்பார்கள்.

போன மாதம் அத்தைக்குப் போன் பண்ணினேன். கழிப்பறைக்குக் கதவு போட்டுவிட்டார்களாம். சபையில் பேசியதாலா என்று ஆர்வமாகக் கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுப்பா. அந்தப் பூக்காரி இருக்காளே, பத்து நாளு ஆபீஸ் வாசல்லயே கூடையை வச்சு வியாபாரம் பண்ணா" என்றார்.